படிவக் களஞ்சியமும் தமிழ்ப் பெயரமைப்பும்

தமிழ்நாடு அரசின் இலச்சினையில் உள்ள கோபுரம் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலின் கோபுரம் என்பதே மக்களுள் பெரும்பாலோர் கொண்டிருக்கும் கருத்து. அரசின் இணையப் பக்கங்கள் பலவற்றின் தலைப்பில் அக்கோபுரம் நிற்கிறது. அவ்வூரில் வாழும் ஒருவர் அதே கணினித் திரையில் வங்கிக்கோ வருமான வரித்துறைக்கோ வெளியூர்க் கல்லூரிக்கோ விண்ணப்பிக்க முனையும்போது, பெரும்பாலும் முதலில் எதிர்கொள்வது 'முதற்பெயர், இடைப்பெயர், குடும்பப்பெயர்' என்னும் மூன்று கட்டங்களை. அவரிடம் இருப்பது ஒரு பெயர். அதற்கு முன் ஓர் எழுத்து. அந்த எழுத்துக்கு மூன்று கட்டங்களுள் எதிலும் இடமில்லை. இந்த இடர்ப்பாடு எங்கிருந்து வருகிறது, இனி அது பெருகுமா குறையுமா என்பதை மென்பொருளாளர் மட்டும் ஆராய வேண்டிய வினாவாக விட்டுவிடுதல் பொருந்தாது. பெயரியலைப் பாடமாகக் கொண்டுள்ள தமிழ்த்துறைகளுக்கும் இதில் பங்குண்டு.

வினா இன்று எழுவதற்குக் காரணம் உண்டு. இணையப் படிவங்களை ஒருவர் அமர்ந்து புதிதாக வரையும் காலம் முடிந்துவருகிறது. முன்பு செய்யப்பட்ட படிவங்கள் களஞ்சியமாகத் தொகுக்கப்பட்டுள்ளன. 'மாணவர் விடுதிச் சேர்க்கை' என்றோ 'குடிநீர் இணைப்பு' என்றோ தேவையைச் சொன்னால், அதற்கு நெருங்கிய பழைய படிவங்களைத் தேடி எடுத்து, அவற்றின் கட்டங்களைக் கோத்து, மென்பொருளே புதிய படிவத்தை ஆக்கித் தருகிறது. இதன் அடிப்படைக் கருத்து பழையது. ஆமோட், பிளாசா ஆகிய இருவர் 1994இல் வெளியிட்ட கட்டுரை, முன்னிகழ்வுகளைக் கொண்டு புதிய சிக்கலைத் தீர்க்கும் கணினி முறையை நான்கு படிகளாக வகுத்தது: ஒத்த பழைய நிகழ்வைத் தேடி எடுத்தல், அதன் தீர்வைப் பயன்கொள்ளுதல், புதிய சூழலுக்கேற்பத் திருத்துதல், திருத்தியதை மீண்டும் சேமித்தல். இன்றைய பெருமொழி மாதிரிகள் இந்நான்கையும் வெளிப்படையாகச் செய்வதில்லை. எனினும், பல்லாயிரம் பழைய படிவங்களைப் படித்து உள்வாங்கிப் புதியதை ஆக்குவதால், விளைவளவில் அவையும் இவ்வகையினவே.

நான்கு படிகளுள் மூன்றாவதே அறிவு வேண்டுவது. ஓர் அலுவலகத்தில் படிவம் ஆக்கும் பொறுப்பு யாரிடம் விழுகிறதோ அவருக்குத் திருத்தும் பொழுதோ, எதைத் திருத்த வேண்டும் என்னும் அறிவோ வாய்ப்பது அரிது. எனவே எடுத்தது எடுத்தபடியே வெளியாகிறது. வெளியானது நான்காம் படியில் களஞ்சியத்துக்குத் திரும்பிச் சென்று, அடுத்த படிவத்துக்கு மற்றுமொரு சான்றாகிறது. ஒரு பிழையான ஏட்டிலிருந்து பல படிகள் எடுக்கப்பட்டால் பிழையே பெருவழக்குப் பாடமாகிவிடும் என்பதைச் சுவடிப் பதிப்பாளர் நன்கறிவர். எண்ணிக்கை மிகுதியைக் கொண்டு பாடத்தைத் தேர்தல் ஆகாது என்பது பதிப்பியலில் தெளிந்த முடிபு. படிவம் ஆக்கும் மென்பொருளோ எண்ணிக்கை மிகுதியையே சான்றாகக் கொள்கிறது.

மூன்று கட்டங்களின் மூலப்படியைத் தேடுவது கடினமன்று. படிவ உறுப்புகளைக் கொண்ட எச்.டி.எம்.எல். 2.0 வரையறை 1995இல் வெளிவந்தது. அதில் பெயர் இவ்வாறுதான் பகுக்கப்பட வேண்டும் என்னும் விதி இல்லை. எழுதுவதற்கு ஒரு கட்டம், அவ்வளவே. பகுப்பு வேறு வழியாக வந்தது. முகவரி அட்டைகளை மின்வடிவில் பரிமாறுதற்கு அமைந்த விகார்டு என்னும் வரையறை, 1998ஆம் ஆண்டு வடிவத்தில், ஒருவரின் பெயரைக் குடும்பப்பெயர், தன்பெயர், கூடுதல் பெயர், மதிப்பு முன்னொட்டு, பின்னொட்டு என ஐந்தாகப் பகுத்தது. பின்னர் உலாவிகள் படிவத்தைத் தாமே நிரப்புவதற்கு உதவும் குறிச்சொற்களிலும் ஏறத்தாழ இப்பகுப்பே இடம்பெற்றது. முழுப்பெயருக்கும் அங்கே ஒரு குறிச்சொல் உண்டு. தந்தை பெயருக்கோ ஊர்ப்பெயருக்கோ இல்லப்பெயருக்கோ இல்லை. 2010இல் பேட்ரிக் மெக்கென்சி என்னும் மென்பொருளாளர், பெயர்களைப் பற்றி நிரலெழுதுவோர் கொண்டுள்ள தவறான நம்பிக்கைகளைப் பட்டியலிட்டார். எல்லார்க்கும் குடும்பப்பெயர் உண்டு என்பது அவற்றுள் ஒன்று. உலகளாவிய வலை இணையமும், இயலும் இடங்களில் முழுப்பெயரை ஒரே கட்டத்தில் கேட்குமாறு அறிவுறுத்துகிறது. அறிவுரை தெளிவாகவே உள்ளது. களஞ்சியம்தான் அதற்கு முந்திய படிவங்களால் நிறைந்து கிடக்கிறது.

இனித் தமிழ்ப் பெயரின் அமைப்பை நோக்கலாம். ஸ்ரீவில்லிபுத்தூரே இதற்குச் சிறந்த சான்றைத் தருகிறது. ஆண்டாள் தம் பாடல்களின் இறுதியில் தம்மைக் குறிக்கும் முத்திரைப் பகுதிகள் பலவற்றில் ஒரு வரிசை புலப்படுகிறது. முதலில் ஊர்: புதுவை அல்லது வில்லிபுத்தூர். அடுத்துத் தந்தை: பட்டர்பிரான் அல்லது விட்டுசித்தன். இறுதியில் தன்பெயர்: கோதை. ஊரையும் தந்தையையும் முன்னிறுத்தித் தன்பெயரைப் பின்வைக்கும் இவ்வமைப்பு அவருக்கு முன்பே வேரூன்றியது. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்னும் சங்கப் புலவர் பெயரில் ஊர், தந்தை, உறவுச்சொல், தன்பெயர் ஆகிய நான்கும் முறையாக நிற்கின்றன. பிற்காலத்தில் உ.வே.சா. என்னும் மூன்றெழுத்துள் உத்தமதானபுரமும் தந்தை வேங்கடசுப்பையரும் அடங்கினர். திரு.வி.க. என்பதில் திருவாரூரும் தந்தை விருத்தாசலனாரும் அடங்கினர். முன்னெழுத்து என்பது ஆங்கில ஆட்சி தந்த சுருக்கெழுத்து வடிவம். அது சுருக்கிய தொடரோ தொன்மையானது.

இலக்கணமும் இதனை அறியும். சிறப்புப்பெயரும் இயற்பெயரும் சேர்ந்து வருமிடத்து இயற்பெயர் முற்படாது என்று தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் வரிசைக்கே விதி வகுத்தார். புள்ளிமயங்கியலில், தந்தை பெயரும் மகன் பெயரும் தொகையாக இணையும்போது நிகழும் புணர்ச்சிக்கும் விதி உண்டு. சாத்தன் மகனாகிய கொற்றன் 'சாத்தங்கொற்றன்' ஆவது உரைகளில் காணும் எடுத்துக்காட்டு. பெயரியலோ நிலம், குடி, வினை, முறை முதலியவை பற்றி வரும் பெயர்களைத் தனித்தனியே வகைப்படுத்துகிறது. ஒருவர் பெயரின் எந்த உறுப்பு எதனால் வந்தது என்று இனம்பிரித்துக் காட்டும் இவ்விதிகளைத் தரவுத்தளம் வடிவமைப்போர் தம் மொழியில் 'புல வரையறை' என்பர்.

இவ்வட்டாரத்துப் பெயர்கள் யாவும் ஒரே அச்சில் அமைந்தவை என்று கொள்வதும் பிழையாகும். ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்துள்ள இராசபாளையத்தில் பிறந்து, 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்த பூ.ச. குமாரசுவாமி ராஜாவின் பெயரை எடுத்துக்கொள்ளலாம். 'பூ' என்பது பூசபாடி; தெலுங்கு வழக்கில் வழிவழியாக வரும் இல்லப்பெயர். 'ச' என்பது சஞ்சீவி; தந்தையின் பெயர். குமாரசுவாமி தன்பெயர். ராஜா குலம் சுட்டும் பட்டம். இரண்டு முன்னெழுத்துகள் அருகருகே நின்றாலும் அவற்றின் இலக்கணம் வேறுவேறு. மூன்று கட்டப் படிவம் இப்பெயரை என்ன செய்யும்? இறுதியில் நிற்பதால் 'ராஜா' குடும்பப்பெயர் ஆகும். உண்மையில் குடும்பப்பெயராகிய பூசபாடி முதற்பெயர் ஆகும். குடும்பப்பெயர் உடையவருக்கும் இப்படிவம் பொருந்தவில்லை என்பது இங்கே நோக்கத்தக்கது. ஆகவே, தமிழர்க்குக் குடும்பப்பெயர் இல்லாமையே சிக்கல் என்று வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் போதாது. இறுதியில் நிற்பதே குடும்பத்தைக் குறிக்கும் என்று படிவம் முன்கூட்டியே முடிவு செய்திருப்பதே சிக்கல்.

இதன் விளைவு ஏட்டளவில் நிற்பதில்லை. தந்தை பெயர் வேலு, தன்பெயர் கண்ணன் என ஒருவரைக் கருதிக்கொள்வோம். பள்ளிச் சான்றிதழில் அவர் பெயர் முன்னெழுத்துடன் இருக்கும். ஆதாருக்குப் பெயர் ஒரே தொடராகத் தரப்படுவதால் அங்கே 'வே. கண்ணன்' என்றோ 'கண்ணன்' என்றோ பதிவாகியிருக்கும். வருமான வரி நிரந்தரக் கணக்கு எண்ணுக்கு நெடுங்காலம் வழங்கிய 49ஏ படிவம், முன்னெழுத்துகளை விரித்தெழுதச் சொன்னது. குடும்பப்பெயர்க் கட்டத்தைக் கட்டாயமாக்கியது. ஆகவே அங்கே அவர் 'கண்ணன் வேலு' ஆவார். மூன்றும் ஒருவரே என்பதை ஊரார் அனைவரும் அறிவர். ஒப்பிட்டுப் பார்க்கும் கணினி மட்டும் அறியாது. வைப்புநிதியைப் பெறவோ கணக்குகளை இணைக்கவோ முற்படும்போது 'பெயர் பொருந்தவில்லை' என்னும் விடை வரும். பிறகு நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம், தேவைப்பட்டால் அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பு, இ-சேவை மையத்தில் மீண்டும் மீண்டும் காத்திருப்பு. நாட்கூலி பெறுவோர்க்கு ஒவ்வொரு நடையும் ஒரு நாள் ஊதிய இழப்பு. தம் பெயரை மாற்றிக்கொள்ளாத ஒருவர் பெயர் மாற்ற அறிவிப்பு வெளியிட நேர்வது விந்தையே.

அயல்நாடு செல்வோர்க்கு இழப்பு இன்னும் பெரிது. இந்தியக் கடவுச்சீட்டில் குடும்பப்பெயர்க் கட்டத்தை வெற்றாக விடலாம். ஆனால் அத்தகைய ஒருவர் அமெரிக்க விசா பெறும்போது அவருடைய ஒரே பெயர் குடும்பப்பெயர் ஆக்கப்பட்டு, முதற்பெயர் இருக்கும் இடத்தில் 'முதற்பெயர் அறியப்படவில்லை' என்பதன் சுருக்கமாகிய எஃப்.என்.யூ. என்னும் மூன்றெழுத்து இடப்படுகிறது. அச்சுருக்கத்தையே பெயரெனக் கொண்டு அங்குள்ள அலுவலகங்கள் அழைப்பதும் உண்டு. 2022 நவம்பர் 21 முதல், கடவுச்சீட்டில் ஒற்றைப்பெயர் மட்டும் உடையவர்களைச் சுற்றுலா, வருகை விசாக்களில் அனுமதிப்பதில்லை என ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. கடவுச்சீட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப்பெயரோ இருந்தால் ஏற்கப்படும் என்னும் விளக்கம் பின்னர் வந்தது. பயணியரைக் காத்தது எது என்று பார்த்தால், பெற்றோர் பெயரைத் தனியே எழுதச் சொன்ன இந்தியப் படிவத்தின் பழைய பழக்கம்தான்.

பெயரைப் போலவே ஊரும். ஸ்ரீவில்லிபுத்தூர் என்னும் பெயரின் முதலெழுத்தை ஒருங்குறியில் இருவகையாக எழுத இயலும். ஸகரத்தில் தொடங்குவது பழைய முறை. 2005இல் வெளியான 4.1ஆம் பதிப்பில் ஶகரம் சேர்க்கப்பட்ட பின் அதில் தொடங்குவது அடுத்த முறை. எழுத்துருக்கள் பலவற்றில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றே; கணினிக்கு வேறு வேறு. ஊர்ப்பட்டியல் ஒரு முறையிலும் விண்ணப்பதாரரின் விசைப்பலகை மற்றொரு முறையிலும் இருந்தால், தம் ஊரைத் தட்டச்சிட்டுத் தேடுபவருக்கு 'அத்தகைய ஊர் இல்லை' என்பதே விடையாகும். 'திருவில்லிபுத்தூர்' என எழுதுவோரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. பிறந்த மாவட்டத்தைக் கேட்கும் கட்டத்திலும் இதே தன்மைத்தான ஓர் இடறல் உண்டு. 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் அமைந்தபோது திருநெல்வேலியிலிருந்து அதற்கு மாறிய வட்டம் இது. 1985இல் காமராசர் மாவட்டத்தில் சேர்ந்தது; 1997இல் மாவட்டங்களுக்கு இடப்பட்டிருந்த தலைவர் பெயர்கள் நீக்கப்பட்டபோது விருதுநகர் மாவட்டம் ஆயிற்று. 1980இல் இங்கே பிறந்தவரின் பிறப்புச் சான்று இராமநாதபுரம் மாவட்டத்தைச் சுட்டும். பழைய படிவத்திலிருந்து எடுக்கப்பட்ட தெரிவுப் பட்டியலோ, எடுக்கப்பட்ட நாளின் மாவட்டங்களை மட்டும் காட்டும். சான்றும் படிவமும் முரண்படும்போது ஐயத்துக்கு உள்ளாவது சான்று வைத்திருப்பவரே.

இவற்றைக் கொண்டு, பழைய வடிவமைப்பை மறுபயன் கொள்ளும் முறையையே விலக்க வேண்டும் என்று முடிவு செய்வது தவறு. விலக்கவும் இயலாது. ஒரு நகராட்சியோ சிறு கூட்டுறவுச் சங்கமோ ஒவ்வொரு படிவத்தையும் வல்லுநரைக் கொண்டு வரைவிக்கும் பொருள்வசதி உடையதன்று. மேலும், தமிழ்நாட்டின் மிகச் சிறந்த பெயர்ப்படிவம் ஒரு பழைய வடிவமைப்பின் மறுபயனே. நிலவரித்துறை இணையவழி வழங்கும் பட்டா, சிட்டா விவரத்தில் உரிமையாளர் பெயர் மூன்று உறுப்புகளாக நிற்கிறது: தந்தை அல்லது கணவர் பெயர், மகன், மகள், மனைவி என்னும் உறவுச்சொல், அதன்பின் உரிமையாளர் பெயர். கிராமக் கணக்கு ஏடுகளில் கணக்குப்பிள்ளைகள் எழுதிய வரிசையே திரைக்கு வந்துள்ளது. நக்கீரனார் பெயரிலிருந்து ஊரை மட்டும் நீக்கினால் எஞ்சுவதும் இவ்வமைப்புத்தான். இதனை உருவாக்கியோர் சங்க இலக்கியத்தை எண்ணிச் செய்திருக்க மாட்டார்கள். இருந்த கணக்கை மாற்றாமல் எடுத்தார்கள். எடுத்தது இம்மண்ணின் கணக்காக இருந்தது.

மற்றொரு சான்றும் உண்டு. தபன் பாரிக் முதலிய ஆய்வாளர், தமிழ்நாட்டுச் சிற்றூர்களின் மகளிர் சுயஉதவிக் குழுக்களில் நிகழ்த்திய ஆய்வை 2006இல் வெளியிட்டனர். குழுக்களின் கணக்கைக் கணினிக்குக் கொண்டுவருவதற்கு அவர்கள் தாளைக் கைவிடவில்லை. தாள் படிவத்திலேயே குறியீடுகளை அச்சிட்டு, கைப்பேசியின் ஒளிப்படக் கருவியால் அவற்றைப் படித்து, தாளும் கைப்பேசியும் ஒருங்கே வழிகாட்டத் தரவைப் பதியச் செய்தனர். பயனாளர் கைக்குப் பழகிய தாளே அங்கு அடிப்படையாயிற்று.

பழைய தமிழ் வடிவம் என்பதனாலேயே அது குறையற்றது ஆகிவிடாது. பட்டாவின் உறவுச்சொல் பெண்ணைத் தந்தைக்கும் பின் கணவனுக்கும் சார்த்தியே அறிமுகம் செய்கிறது. திருமணத்தால் பெண்ணின் முன்னெழுத்து மாறுவதும், அதனால் சான்றுகள் முரண்படுவதும் பெண்கள் மட்டும் சுமக்கும் சுமை. தாயால் மட்டுமே வளர்க்கப்பட்டவர்க்குத் தந்தை பெயர்க் கட்டம் ஒரு தண்டனை. 2016 டிசம்பரில் வெளியுறவு அமைச்சகம், கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் பெற்றோருள் ஒருவர் பெயரோ சட்டப்படியான காப்பாளர் பெயரோ போதும் என விதியைத் தளர்த்தியது. ஒரு கட்டத்தைத் திருத்துவது அரசால் இயலும் செயலே என்பதற்கு இது சான்று. 'தந்தை' என்பதை 'பெற்றோர்' என மாற்றி, உறவுச்சொல்லை விண்ணப்பதாரரே தேரவிட்டால், பட்டாவின் வடிவம் அதன் வலிமையை இழக்காமலே செம்மையுறும். ஆண்டாள் முத்திரையில் தந்தைக்கு இருக்கும் இடத்தில் தாயின் பெயரை வைத்தாலும் வரிசை குலைவதில்லை.

தமிழில் கையொப்பமிடுவோர் முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என வலியுறுத்தும் அரசாணை 2021 டிசம்பரில் வெளிவந்தது. வரவேற்கத்தக்க ஆணை. ஆயினும் அது எழுத்தின் மொழியைப் பற்றியது. எழுத்து எதைக் குறிக்கிறது என்பதைப் பதிவு செய்யும் கட்டத்தைப் பற்றியதன்று. 'பூ' இல்லப்பெயரா, ஊர்ப்பெயரா, தந்தை பெயரா என்பது பதிவாகாதவரை, தமிழெழுத்தில் எழுதினாலும் ஆங்கிலத்தில் எழுதினாலும் கணினிக்கு அது பொருளற்ற ஒரு குறியே.

எல்லார்க்கும் ஒரே அமைப்பு இருந்தால்தான் உலகளாவிய ஒப்பீடு எளிதாகும் என்னும் எதிர்வாதம் உண்டு. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. விமான நிறுவனத்தின் பயணச்சீட்டில் தமிழ் இலக்கணத்தை எதிர்பார்ப்பது வீண். ஆனால் நகராட்சிக்கு வரி செலுத்துவதற்கும் கல்லூரி விடுதியில் இடம் கேட்பதற்கும் அவ்வொப்பீடு தேவையில்லை. வெளியுலகுக்குரிய வடிவம் வேண்டுமிடத்து, உறுப்புகள் தெளிவாகப் பதிவான தமிழ்ப் பெயரிலிருந்து அதனைக் கணினியே வகுத்துக்கொள்ளும். எதிர்த்திசையில் இது நிகழாது. 'கண்ணன் வேலு' என்பதில் வேலு தந்தையா, குலமா, இரண்டாம் பெயரா என்பதை எந்த மென்பொருளும் பின்னர் கண்டறிய இயலாது.

செய்யத்தக்கது இது. படிவம் ஆக்கும் மென்பொருள்கள் எடுத்தாளும் களஞ்சியத்தில் தமிழ்ப் பெயர், ஊர், உறவு ஆகியவற்றுக்கான புல வரையறைகள் முறையாக எழுதப்பட்டுச் சேர வேண்டும். ஒவ்வொரு புலத்துக்கும் பெயர், விளக்கம், ஏற்கத்தக்க எடுத்துக்காட்டுகள், விலக்கத்தக்க எடுத்துக்காட்டுகள், பிற வடிவங்களுக்கு மாற்றும் விதி ஆகியவை தேவை. ஸ்ரீயின் இருவகைக் குறிமுறையை ஒன்றாகக் கொள்ளும் விதியும், ஊர் எக்காலத்தில் எம்மாவட்டத்தில் இருந்தது என்னும் அட்டவணையும் அதில் அடங்கும். இப்பணியின் நிரலாக்கப் பகுதி சிறியது. பெயரறிவும் களஆய்வும் பெரியன. இராசபாளையத்தின் இல்லப்பெயர்களையும், வத்திராயிருப்பு, கிருஷ்ணன்கோவில் வட்டாரத்து முன்னெழுத்து வழக்குகளையும் தொகுப்பது முதுகலை மாணவர் ஒருவரின் ஓராண்டு ஆய்வேட்டுக்குத் தகுதியான பொருள். ஊர்ப்பெயராய்வும் மக்கட்பெயராய்வும் தமிழ்த்துறைகளில் நெடுங்காலமாக நடந்துவருகின்றன. அவ்வேடுகள் பல்கலைக்கழக நூலகங்களின் அடுக்குகளில் உள்ளன. அவற்றிலுள்ள பெயர் வகைப்பாடுகளைக் கணினி படிக்கும் அட்டவணையாக மாற்றுவதற்கு, தமிழாசிரியர் ஒருவரும் கணினித்துறை மாணவர் ஒருவரும் ஒரு பருவம் சேர்ந்தமர்ந்தால் தொடக்கம் ஆகிவிடும்.